பிஸ்டலுக்கு வைத்த பொட்டு

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். ராசிபுரத்தில் பனி இன்னும் கலையவில்லை. எங்கள் மொட்டை மாடியிலிருந்து தினமும் தெரியும் போதமலை அன்று தெரியவில்லை. கைபேசி பத்தொன்பது டிகிரி என்றது. என் முழங்கால் பதினைந்து என்றது. அந்த வாரத்து மாத்திரைகளை டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாளுக்கு நான்கு, வாரத்துக்கு இருபத்தெட்டு. இருபத்தேழுதான் இருந்தது. மூன்றாம் முறை எண்ணும்போது யாரோ வெளிக் கேட்டைத் தட்டினார்கள்.

"அர்த்தநாரி! ஊட்டுல இருக்கறியா?"

குரல் காதில் விழுந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். ஓய்வு பெற்று ஒன்பதாவது வருடம் நடக்கிறது. ஆனாலும் அந்தக் குரலுக்கு உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

வந்தவர் சென்னியப்பன். நான் ஆயுதப்படையில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்த்துப் பராமரிப்பவனாக இருந்த காலத்தில், பதினோரு வருடம் எனக்கு இன்ஸ்பெக்டராக இருந்தவர். இப்போது வயது எழுபத்தொன்று. எருமப்பட்டிக்குப் பக்கத்தில் தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்திருக்கிறார். கையில் சணல் கயிறு கட்டிய முட்டைப் பெட்டி ஒன்று இருந்தது.

"முட்டை எதுக்குங்கய்யா? இங்க கடையிலயே கெடைக்குதுங்களே" என்றேன்.

"முட்ட இல்லய்யா. உள்ள பிஸ்டல் இருக்குது."

தண்ணீர்ச் செம்புடன் வந்த என் மனைவி பாவாயி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். "ஏனுங்கய்யா, இத வெச்சுக்கிட்டு ரெண்டு பஸ் மாறி வந்தீங்களா?"

"மூணு பஸ்ஸு அம்மிணி. எல்லாவனும் 'பாத்துங்க, ஒடஞ்சிடப் போவுது'ன்னு சொல்லி எனக்கு எடம் விட்டான்."

எங்கள் ஓய்வுபெற்றோர் சங்கம் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி இரண்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. இப்போது பணியில் இருக்கும் ஓர் ஆர்மரர் போனில் கூப்பிட்டு, "பழைய ஸ்டாக் ரிஜிஸ்டரில் மாதாமாதம் சூடம் நூறு கிராம் என்று எழுதியிருக்கிறதே, அது எதற்கு?" என்று கேட்டார். இரண்டு கேள்விகளுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பதில். நான் வேலை பார்த்த ஆயுதப்படை எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. தவறு என்னுடையது, படைக்கு அதில் பங்கு கிடையாது.

பெட்டியைத் திறக்கவிடுவதற்கு முன் ரசீதைக் கேட்டேன். அது காற்றழுத்தத்தில் சுடும் ஏர் பிஸ்டல். லைசென்ஸ் தேவைப்படாத வகை. ரசீதில் இருந்த எண்ணையும் பிஸ்டலில் இருந்த எண்ணையும் இரண்டு முறை ஒப்பிட்டேன். வெடிமருந்தில் சுடும் துப்பாக்கியாக இருந்திருந்தால், இன்ஸ்பெக்டர் என்றும் பார்க்காமல் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். அதையெல்லாம் வீட்டில் வைத்துத் தொடக்கூடாது.

"இன்னும் நீ திருந்தலய்யா" என்றார், நான் மூன்றாம் முறை எண்ணைப் பார்த்தபோது.

விஷயம் இதுதான். வரும் வியாழக்கிழமை திருச்சியில் மூத்தோருக்கான போட்டி. பத்து மீட்டர் தூரம், நாற்பது குண்டு. அவருக்குப் போன வருடம் வலது கண்ணில் கண்புரை ஆபரேஷன் நடந்தது. அதன் பிறகு பிஸ்டலின் முனையில் நிற்கும் முன்சைட், அந்தச் சின்ன முளை, மெல்லிய நிழலாகத்தான் தெரிகிறதாம். அகலமான புது முன்சைட் ஒன்றைத் தபாலில் வரவழைத்திருக்கிறார். பழையது கழலவில்லை. கிளப்பில் வேலை தெரிந்தவர் ஊரில் இல்லை.

"இதுதான் கடைசிப் போட்டி, அர்த்தநாரி. மவன் சொல்லிப்புட்டான், இனிமே பஸ் ஏறி சுடறதுக்குன்னு போவக்கூடாதுன்னு. ஒரு தடவையாவது கடைசிச் சுத்துல சொதப்பாம சுட்டுட்டு வந்துடறேன்."

கடைசிச் சுற்று என்ற வார்த்தையைக் கேட்டதும், பார்த்து முடித்த ரசீதை மறுபடி எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

நான் படித்தது ஃபிட்டர் பிரிவு. 1979இல் காவலராகச் சேர்ந்தேன். ஐந்து வருடம் பந்தோபஸ்து, பதினான்கு வாரம் ஆர்மரர் பயிற்சி, பிறகு முப்பத்தொரு வருடம் ஒரே கம்பிக் கதவுக்குப் பின்னால். பயிற்சியில் எனக்கு மனதில் தங்கியது நான்கே சொற்கள்: கழுவு, பார், அள, தொடு. எந்தத் துப்பாக்கி வந்தாலும் முதலில் கழுவ வேண்டும். பிறகு பார்க்க வேண்டும். பிறகு அளக்க வேண்டும். கடைசியில்தான் கருவியால் தொட வேண்டும். முப்பத்தொரு வருடத்தில் இந்த வரிசையை ஒரே ஒரு தடவை மாற்றினேன்.

சென்னியப்பன் ஐயாவைப் பற்றி ஒரு விஷயம் தெரியாவிட்டால் மீதிக் கதை புரியாது. அவர் கோபத்தில் கத்த மாட்டார். கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரணமாக "யோவ்", "வாய்யா", "போய்யா" என்பார். அதுவரை பயமில்லை. "அர்த்தநாரி, கொஞ்சம் இப்படி வாங்க" என்றால் கவனம் தேவை. "அர்த்தநாரிங்க" என்று பெயருக்கே ங்க சேர்த்துவிட்டால் முடிந்தது. ஒரு காவலர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனதற்கு, "ஏனுங்க தம்பி, டீ நல்லா இருந்துதுங்களா?" என்று கேட்டார். அந்த ஆள் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

பிஸ்டல் சுடுவதில் அவரை மிஞ்ச எங்கள் பக்கம் ஆளில்லை. சுடும் நாளில் டீ, காபி தொடமாட்டார், மோர் மட்டும். சுடுவதற்கு முன் இரண்டு சைட்டுகளும் கருகருவென்று இருக்க வேண்டும். வெயிலில் உலோகம் மினுங்கினால் குறி பிசகும். அதற்குத்தான் சூடம். ஒரு கட்டிச் சூடத்தைக் கொளுத்தி அந்தப் புகையில் சைட்டைக் காட்டினால், வெல்வெட் துணி போலக் கறுப்பு ஏறும். விரல் பட்டால் அழிந்துவிடும். அதனால் ஏற்றிய பிறகு யாரும் தொடக்கூடாது என்பது அவர் உத்தரவு. புதிதாக வந்த காவலர்கள், நான் தினமும் பிஸ்டலுக்குச் சூடம் காட்டுவதாக நினைத்து, கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். நானும் சில நாள் தடுக்கவில்லை.

நிஜப் பூஜையும் ஒரு நாள் உண்டு. ஆயுத பூஜையன்று கிடங்கில் உள்ள அத்தனை ஆயுதங்களையும் கழுவி, துடைத்து, வரிசையாக அடுக்கிச் சந்தனம், குங்குமம் வைப்போம். பொட்டு வைக்கும் இடம் பிடி. 2003ஆம் வருடம் மொத்தம் இருநூற்றுப் பதினாறு ஆயுதங்கள். இருநூற்றுப் பதினைந்துக்குப் பிடியில் பொட்டு வைத்தேன். இன்ஸ்பெக்டரின் ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டலுக்கு மட்டும் தனி மரியாதையாக இருக்கட்டும் என்று, மேலே, பின்சைட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். பின்சைட் என்பது நடுவில் சதுரமாகப் பள்ளம் வெட்டிய ஒரு சின்னத் தகடு. அந்தப் பள்ளத்தின் நடுவில் முன்சைட் தெரியும்படி பிடித்துத்தான் குறி பார்ப்பார்கள். சந்தனம் கொஞ்சம் தண்ணியாக இருந்தது.

பூஜை முடிந்து பத்தாம் நாள் பயிற்சி. இருபத்தைந்து மீட்டரில் ஐயா சுட்ட ஐந்து குண்டும் மையத்துக்கு இடதுபுறம், இரண்டு விரல் அகலம் தள்ளி விழுந்தன. ஐந்தும் ஒரே இடத்தில். நான் வாங்கி ஐந்து சுட்டேன். எனக்கும் அதே இடம்.

"சைட்டு நகந்திருக்குதுய்யா" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. இரண்டு கைகள், ஒரே பிழை. அப்படியானால் குற்றம் கருவியில்தான் இருக்க வேண்டும்.

இங்கேதான் வரிசையை மாற்றினேன். முதலில் கழுவியிருக்க வேண்டும். ஆனால் சைட்டில் புதிதாகச் சூடக் கரி ஏற்றியிருந்தது. கழுவினால் அது போய்விடும். போனால் "அர்த்தநாரிங்க" வரும். கழுவாமல், பார்க்காமல், பின்சைட்டின் பக்கத்தில் ஒரு பித்தளைக் குச்சியை வைத்துச் சுத்தியலால் மூன்று தட்டு. பின்சைட் வலப்பக்கம் நகர்ந்தது. ஐயா மறுபடி சுட்டார். ஐந்தும் மையத்தில்.

"நீதான்யா ஆர்மரர்" என்று முதுகில் தட்டினார். அவர் என் முதுகில் தட்டியது பதினோரு வருடத்தில் அது இரண்டாவது தடவை.

அக்டோபர் 22, புதன்கிழமை, போட்டி. முப்பது குண்டு, ஐந்தைந்தாக ஆறு சுற்று. முதல் மூன்று பேருக்கு மாநில அணியில் இடம். நான்கு சுற்று முடிந்தபோது ஐயா நூற்று எண்பத்தேழு புள்ளி. அவர்தான் முன்னால். ஐந்தாம் சுற்றில் முதல் குண்டு ஒன்பது. இரண்டாவது குண்டு வலதுபுறம் போனது. மூன்றாவதும் வலது. நான் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதி ஒன்பது குண்டும் வலதுபுறம், இரண்டு விரல் அகலம் தள்ளி. ஒன்பதுக்கு அறுபத்தைந்து. மொத்தம் இருநூற்று அறுபத்தொன்று. மூன்றாம் இடம் பிடித்தவர் இருநூற்று அறுபத்து நான்கு.

அவர் பிஸ்டலை என்னிடம் நீட்டினார். முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. "என்னய்யா ஆச்சு?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் மற்ற மாவட்டத்து ஆர்மரர்கள் நின்றார்கள். வலக்கைக்காரர் ட்ரிகரில் விரலை அதிகம் உள்ளே விட்டால் குண்டு வலப்பக்கம் இழுக்கும் என்பது பாடம். அந்தப் பாடத்தை ஒப்பித்தேன்: "வெரல் கொஞ்சம் ஜாஸ்தியா உள்ள போயிடுச்சுங்கய்யா. கடைசிச் சுத்துல பதட்டத்துல அப்படி வருமுங்க."

அவர் தன் ஆள்காட்டி விரலைப் பார்த்தார். "அப்படியா?" என்றார்.

மாலையில் பிஸ்டலைக் கழற்றித் துடைக்கும்போது, பின்சைட் பள்ளத்தின் வலது சுவரில் கரி பெயர்ந்து மஞ்சளாக ஒரு கறை தெரிந்தது. அங்கிருந்து உதிர்ந்த துணுக்கு கீழே இடுக்கில் கிடந்தது. கடுகில் பாதி அளவு சந்தனம், குங்குமத்தோடு சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. அப்போதுதான் முழுவதும் விளங்கியது. பள்ளத்துக்குள் ஒரு பக்கம் சந்தனம் ஒட்டியதால் நடு மாறி, குண்டு இடப்பக்கம் போயிருக்கிறது. நான் சந்தனத்துக்கு ஈடாகச் சைட்டை நகர்த்தியிருக்கிறேன். இருபத்தொரு குண்டு அதிர்வில் சந்தனம் உதிர்ந்ததும், நடு பழைய இடத்துக்கு வந்து, நான் நகர்த்தியது மட்டும் மிச்சமாகிவிட்டது. ஐயாவின் விரலில் ஒரு குற்றமும் இல்லை.

உதிர்ந்த துணுக்கைக் காகிதத்தில் மடித்து வைத்தேன். காலையில் சொல்லிவிடலாம் என்று வைத்தேன். காலையில் அவர் முந்திக்கொண்டு, "அர்த்தநாரி, நீ சொன்னது சரிதான்யா. இனிமே வெரல் நுனியில மட்டும்தான் புடிக்கப் போறேன்" என்றார். நான் "சரிங்கய்யா" என்றேன். அந்தச் "சரிங்கய்யா"வுக்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கூடுதல் கஷ்டமாகிக்கொண்டே போனது.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வீட்டில் என்னிடம் பட்டறைக் கருவி ஒன்றும் கிடையாது. ஓய்வு பெற்ற அன்று அத்தனையையும் பட்டியல் போட்டு ஒப்படைத்துவிட்டேன், நூற்று முப்பத்து நான்கு உருப்படி. பழைய முன்சைட், குழலின் மேல் குறுக்காக வெட்டிய பள்ளத்தில் பக்கவாட்டிலிருந்து செருகி இறுகியிருந்தது. சுத்தியலால் தட்ட மனம் வரவில்லை. சுத்தியல் விஷயத்தில் எனக்கு நம்பிக்கை போய் இருபது வருடமாகிறது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிகளுக்கு டைனமோ வேலை பார்ப்பவரிடம் போய்ச் சின்ன பேரிங் புல்லர் ஒன்றை வாடகைக்கு வாங்கி வந்தேன். இரண்டு கொக்கிக் கால்களும் நடுவில் ஒரு திருகும் உள்ள கருவி. கொக்கிகளைக் குழலின் ஒரு பக்கம் மாட்டி, மறுபக்கத்திலிருந்து திருகை முறுக்கினால் சைட்டைச் சீராகத் தள்ளும், அடி விழாது. திருகின் நுனி எஃகு, கீறிவிடும். பரணில் கிடந்த மண்ணெண்ணெய் ஸ்டவ்விலிருந்து ஒரு பித்தளை மூடியைக் கழற்றி அதற்குத் தொப்பி போட்டேன். கொக்கிகளுக்கு அடியில் மெத்தையாக என் பழைய யூனிஃபார்ம் பெல்ட்டின் தோல். பிஸ்டல் அசையாமல் இருக்க, ஐயாவின் பெட்டிக்குள் இருந்த முட்டை அட்டைகளில் மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அதற்குள் படுக்க வைத்தேன். அச்சில் வார்த்தது போல உட்கார்ந்தது.

கால் சுற்று முறுக்கி நிறுத்துவேன். மூச்சு விடுவேன். மறுபடி கால் சுற்று.

"பல்லு புடுங்கற மாதிரியே இருக்குது" என்றாள் பாவாயி.

"பல்லுன்னா கத்தும் அம்மிணி. இது கத்தாது" என்றார் ஐயா.

ஏழாவது கால் சுற்றில் "டிக்" என்று ஒரு சத்தம். நான்தான் கத்தினேன். ஒன்றும் உடையவில்லை, சைட் நகர ஆரம்பித்திருந்தது. பத்தொன்பதாவதில் வெளியே வந்துவிட்டது.

புதியது உள்ளே போனது, ஆனால் லொடலொடத்தது. காகிதம் வைத்துப் பார்த்தேன், நசுங்கியது. பக்கத்து வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. தறியில் பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பு போன்ற சாமானுக்கு அச்சு என்று பெயர். அதன் பற்கள் மெல்லிய எஃகுத் தகடுகள். பழைய அச்சிலிருந்து ஒரு பல்லை உடைத்துத் தரும்படி கேட்டேன். நெசவாளி, "எந்தத் தறிக்குங்க?" என்றார். விளக்கினால் பயப்படுவார் என்று, "சின்னத் தறிங்க" என்று சொல்லி வாங்கி வந்தேன். நகத்தளவு துண்டை நறுக்கி அடியில் வைத்துப் புல்லரால் தள்ளியதும், முன்சைட் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல நின்றது.

இந்த முறை வரிசை மாறவில்லை. கழுவினேன், பார்த்தேன், அளந்தேன். பின்சைட்டின் பள்ளத்தைத் தீக்குச்சியால் இரண்டு முறை சுரண்டிப் பார்த்தேன். இந்தப் பிஸ்டலில் பின்சைட்டைத் தட்டத் தேவையில்லை. பக்கத்தில் உள்ள திருகைத் திருப்பினால் கிளிக் கிளிக் என்று நகரும். அது நடுவிலிருந்து இரண்டு கிளிக் வலப்பக்கம் இருந்தது. நடுவுக்குக் கொண்டு வந்தேன். சூடம் கொளுத்தி இரண்டுக்கும் கரி ஏற்றினேன். பாவாயி பழக்கத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்தது சுட்டுப் பார்ப்பது. எங்கள் புறக்கடை எட்டு மீட்டர் இருபது சென்டிமீட்டர். பத்து மீட்டர் வேண்டுமானால் சமையலறைக்குள், அடுப்புக்கு முன்னால் நின்று சுட வேண்டும். மதில் ஓரம் ஒரு மரப்பெட்டியில் பரணிலிருந்து எடுத்த பழைய துணிகளைத் திணித்து, பின்னால் அம்மிக்கல்லைச் சாத்தி, தாளை ஒட்டினேன். இருபுறக் கதவையும் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

ஐயா ஐந்து சுட்டார். ஐந்தும் இடப்பக்கம், கட்டைவிரல் அகலம் தள்ளி.

"அதான் நான் எப்பவும் ரெண்டு கிளிக் வலது பக்கம் வெச்சிருப்பேன். திருப்பி வெச்சுடுய்யா" என்றார்.

நான் பிஸ்டலை வாங்கி ஐந்து சுட்டேன். ஐந்தும் மையம். கை மாறினால் பிழை மறைகிறது என்றால் சைட்டில் குற்றமில்லை. இன்னும் ஐந்து அவரைச் சுடச் சொல்லி, தாளைப் பார்க்காமல் அவர் விரலைப் பார்த்தேன். ட்ரிகரை நகத்தின் ஓரத்தால் தொட்டுக்கொண்டிருந்தார். விரல் நுனி பிஸ்டலை இடப்பக்கம் தள்ளுகிறது. கை தளராதவரை ஒரே அளவாகத் தள்ளும். இரண்டு கிளிக் அதைச் சரிக்கட்டிவிடும். கடைசிச் சுற்றில் கை தளர்ந்தால் தள்ளும் அளவு மாறும். 2003க்குப் பிறகு அவர் ஒவ்வொரு போட்டியிலும் கடைசிச் சுற்றில் சொதப்பியது அதனால்தான். அந்த நுனி விரல் நான் கொடுத்தது.

இரண்டு கிளிக் திருப்பிவிட்டால் அவர் சந்தோஷமாக மூன்று பஸ் மாறிப் போய்விடுவார். வியாழக்கிழமை முப்பதாவது குண்டுக்கு மேல் மறுபடி தன் விரலைத் திட்டுவார். திருகில் கையை வைத்தேன். எடுத்துவிட்டேன்.

உள்ளே போய் என் ஓய்வூதியக் கோப்பைக் கொண்டு வந்தேன். கடைசி உறையில் அந்தக் காகித மடிப்பு இருந்தது. சமையல் மேடையில் பிரித்து வைத்து, பொட்டு வைத்ததிலிருந்து "சரிங்கய்யா" வரைக்கும் சொல்லி முடித்தேன்.

அவர் குனிந்து அந்தத் துணுக்கைப் பார்த்தார். நான் மனதுக்குள் எண்ணினேன். பதினொன்றில் வாய் திறந்தார்.

"அர்த்தநாரிங்க."

பாவாயி அடுப்பை அணைத்துவிட்டாள்.

"இது எத்தன நாளா உங்ககிட்ட இருக்குதுங்க?"

"இருவது வருசம், மூணு மாசம், இருவது நாளுங்கய்யா."

"நாளெல்லாம் எண்ணி வெச்சிருக்கறீங்க. எங்கிட்டச் சொல்றதுக்கு மட்டும் ஒரு நாளு ஒழியலீங்களா?" குரல் உயரவே இல்லை. "ரிட்டேர்டு ஆன அன்னைக்கு முந்நூறு பேரு முன்னால மைக்கப் புடிச்சுக்கிட்டு, இந்த வெரலு என்னைய ஏமாத்திப்புடுச்சுன்னு சொன்னேனுங்க. நீங்க முன் வரிசையில உக்காந்து கை தட்டுனீங்க."

அன்று மண்டபத்தில் நானூற்றுப் பத்து நாற்காலிகள். திருத்தவில்லை.

"தட்டுனேனுங்கய்யா. தப்புங்கய்யா" என்றேன்.

பாவாயிதான் நடுவில் வந்தாள். "ஏனுங்கய்யா, இவுரு மாத்திர டப்பாவையே நாளைக்கு மூணு தடவ எண்ணிப் பாக்கற ஆளுங்க. பயந்துக்கிட்டே பொழைக்கறவருங்க. உப்புமா ஆறுதுங்க. சாப்புட்டுப் போட்டு மிச்சத்தையும் திட்டுங்க."

அவர் சாப்பிட்டார். இரண்டு டம்ளர் மோர் குடித்தார். என் பக்கம் திரும்பவில்லை. கை கழுவி, துடைத்து, பிஸ்டலை எடுத்தார். ட்ரிகரில் நகத்தின் ஓரத்தை வைத்தார். எடுத்தார். விரலின் முதல் சதையை, இருபது வருடத்துக்கு முன்னால் வைத்தது போல, முழுசாக வைத்தார். முதல் குண்டு எங்கோ போயிற்று. இரண்டாவது உள்ளே வந்தது. அடுத்த பத்தை நான் தாளில் போய் எண்ணினேன். பத்தும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள், நடுவில்.

தாளைக் கையில் வாங்கிக்கொண்டு தன் விரலைப் பார்த்தார். போட்டியன்று பார்த்தது போலவே பார்த்தார்.

"அப்ப இது நல்ல வெரலுதானா?"

"அன்னைக்கும் நல்ல வெரலுதானுங்கய்யா."

"யோவ்!" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டு எனக்கு வந்த நிம்மதியை இங்கே எழுதத் தெரியவில்லை. "அத்தன துப்பாக்கிக்கும் புடியில பொட்டு வெச்சவன் எனக்கு மட்டும் ஏய்யா சைட்டுல கொண்டுபோய் வெச்ச?"

"மரியாதைங்கய்யா."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஆபரேஷன் ஆன கண்ணாயிற்றே என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. பிறகு தண்டனை சொன்னார்: ஒரு டப்பா ஏர் பிஸ்டல் குண்டு நான் வாங்கித் தர வேண்டும், வரும் ஆயுத பூஜைக்கு எருமப்பட்டித் தோட்டத்துக்கு வந்து அவர் பிஸ்டலுக்குப் பிடியில் பொட்டு வைக்க வேண்டும், பக்கத்தில் பாவாயி நின்று மேற்பார்வை பார்க்க வேண்டும். பின்சைட் நடுவிலேயே இருக்க, முட்டைப் பெட்டியைக் கட்டிக்கொண்டு, "வாரேன் அம்மிணி" என்று கிளம்பினார்.

வியாழக்கிழமை மாலை நான்கு பத்துக்குப் போன் வந்தது.

"எத்தனாவதுங்கய்யா?"

"நாலாவது."

"மொத்தம் எத்தன பேருங்கய்யா?"

"பதிமூணு. அத உடுய்யா. கடைசிச் சுத்து, பத்து குண்டுக்குத் தொண்ணூத்தொண்ணு! அங்க இருந்தவனுங்கள்ல கடைசிச் சுத்துல அதுக்கு மேல எவனும் சுடல. ஒரு குண்டு வலது பக்கம் போவல, ஒரு குண்டு இடது பக்கம் போவல. மவன் பக்கத்துல நின்னு எண்ணுனான். அடுத்த வருசமும் போலாம்ங்கறான்."

அன்று மாலைதான் பாவாயி புறக்கடைப் பெட்டியிலிருந்து துணிகளை உருவி உதறினாள். நான் பழையது என்று திணித்தவற்றில் ஒன்று, அவள் தன் தங்கை மகள் கல்யாணத்துக்கு என்று எடுத்து, இன்னும் மடிப்புக் கலைக்காமல் பரணில் வைத்திருந்த சேலை. அதில் இருபத்தாறு ஓட்டை. நான் வெளிச்சத்தில் பிடித்து எண்ணினேன், எண்ணாமல் இருந்திருக்கலாம்.

"இது என்னங்க?" என்றாள். எங்கள் வீட்டிலும் ங்க ஏறினால் அர்த்தம் அதேதான்.

2003 அக்டோபர் 22 மாலை, தெருமுனை டெலிபோன் பூத்தில் ஒரு ரூபாய் போட்டு விஷயத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லாததற்கு இப்போது ஆனது: புல்லர் வாடகை ஐம்பது, சூடம் இருபது, மோருக்குத் தயிர் இருபத்தாறு, குண்டு டப்பா அறுநூறு, அதை எருமப்பட்டிக்கு அனுப்பிய கூரியர் எழுபது, சேலை ஆயிரத்து நூற்றைம்பது. ஆக மொத்தம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாறு ரூபாய்.